அண்ணாச்சியின் முக்காடு

ஜூன் 13, வெள்ளி

இன்று மன்றம் பிரித்தார்கள். எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் மன்றங்களுக்குத்தான். பாட்டு, பேண்டு, சாரணியர், இலக்கியம், தோட்டம், நாடகம் என்று தனித்தனியாகத் தாள் ஒட்டியிருப்பார்கள். ஓடிப்போய்ப் பெயர் எழுத வேண்டும். தோட்டத்துக்குத்தான் அடிதடி. கத்தரிச்செடிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம்.

நான் ஓடவில்லை. நாடகத் தாளில் என் பெயரை சிஸ்டர் லியோனியே முதல் ஆளாக எழுதி வைத்திருந்தார். ஆறாம் வகுப்பிலிருந்து நாடகம்தான். ஆனால் என்ன வேஷம்? ஏரோது மன்னன், சூசையப்பர், போலீஸ்காரர், பண்ணையார், மாப்பிள்ளையின் அப்பா. பெண்கள் பள்ளியில் ஆண் வேஷத்துக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. என் உயரத்தைப் பார்த்துவிட்டு, குரலையும் கேட்டுவிட்டால் வேறு ஆளே தேட மாட்டார்கள். கண்மையால் மீசை வரைந்து வரைந்து மேலுதட்டில் நிழலே தங்கிவிட்டதோ என்று அடிக்கடி கண்ணாடி பார்க்கிறேன். பள்ளி முழுக்க என் பெயர் அண்ணாச்சி. ஞானஸ்நானத்தில் வைத்த பெர்பெத்துவா என்ற பெயர் அட்டெண்டன்ஸில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

இது பிளஸ் டூ. விட்டால் வேறு சந்தர்ப்பம் இல்லை. நேராக சிஸ்டரிடம் போனேன்.

"சிஸ்டர், இந்த வருஷம் சேலை கட்டுற வேஷம் தந்தா நடிக்கேன். இல்லன்னா கத்தரிச்செடிக்குத் தண்ணி ஊத்தப் போறேன்."

"ஏம்மா, மீசை உனக்கு நல்லாத்தான இருக்கு?"

"அதான் சிஸ்டர் பிரச்சினையே."

சிஸ்டருக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. தோள் குலுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். "சரி, அம்மா வேஷம் உனக்குத்தான். வாக்கு" என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

மஸ்கட்டிலிருந்து அம்மா போன் செய்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஒப்பந்தம் மூன்று வருஷம். போகவேண்டாம் என்று அப்பா சொன்னார், போகத்தான் போகிறேன் என்று அம்மா சொன்னாள். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது, இரண்டு பேரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

அம்மா வேஷம் கிடைத்ததைச் சொன்னதும் போனுக்குள்ளிருந்து ஒரு கூச்சல். "எட்டி மக்கா, நெசமாவா! மீசை இல்லாமலா?"

"உன் மாம்பழ மஞ்சள் சேலையைக் கட்டிக்கிடவா?"

"கட்டிக்கோ. ஆனா வீடியோ எடுத்து அனுப்பணும். எம் பிள்ளையை ஒரு தடவையாவது பொம்பளைப் பிள்ளையா மேடையில பாக்கணும்."

அது அரக்கு பார்டர் போட்ட சேலை. அங்கே யூனிஃபார்ம்தான் என்று அம்மா அதை அலமாரியிலேயே விட்டுப்போனாள். நான் அதை முகர்ந்தெல்லாம் பார்க்கவில்லை. சரி, ஒரே ஒரு தடவை முகர்ந்தேன்.

அம்மா போன் செய்யும்போது அப்பா பைக்கைத் துடைக்கப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் தெருவிலேயே பளபளவென்று இருப்பது எங்கள் பைக்தான்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ஜெபமாலை. இப்போதெல்லாம் அப்பாதான் தொடங்குகிறார். அம்மா உட்காரும் இடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, தோளில் கிடக்கும் துண்டை இடது கையால் இழுத்துத் தலையில் முக்காடாகப் போட்டு, நுனியைக் காதுக்குப் பின்னால் சொருகிக்கொள்வார். துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஆள், தொப்பையும் மீசையுமாக முக்காடு போட்டு உட்கார்ந்தால் எனக்கு மங்கள வார்த்தை ஜெபமே மறந்துபோகிறது. ஆம்பிளைகள் யாராவது தலையை மூடி ஜெபம் சொல்வார்களா? கேட்டேவிட்டேன்.

"கொசு கடிக்குதுட்டி" என்றார்.

ஜூன் 27, வெள்ளி

நாடகத்தின் பெயர் 'கரை சேரும் கனவு'. சிஸ்டரே எழுதியது. மறைமாவட்டப் பள்ளிகளுக்கான கலைப்போட்டி ஆகஸ்டில். கதை இதுதான்: மனைவியை இழந்த ஒரு முரட்டு அப்பா மகளின் படிப்பை நிறுத்துகிறார். மகள் எதிர்த்துப் பேசுகிறாள். அடிக்கக் கை ஓங்குகிறார். அப்போது நீல விளக்கு எரிய, செத்துப்போன அம்மா தோன்றி இரண்டு பக்கத்துக்கு வசனம் பேசித் தடுக்கிறாள். அப்பா திருந்துகிறார். திரை.

அம்மா நான். மகள் என் உயிர்த்தோழி இன்பன்டா. அப்பா வேஷத்துக்கு முத்துச்செல்வி. அவள் என்னைவிடக் கொஞ்சம்தான் குட்டை. மீசை வரைந்து கண்ணாடியைக் காட்டினதும் அழுதுவிட்டாள். "போகப்போகப் பழகிரும்ட்டி" என்று ஆறுதல் சொன்னேன். எனக்குள் எவ்வளவு சந்தோஷம் என்று இங்கேதான் எழுத முடியும்.

ஜூலை 3, வியாழன்

கெமிஸ்ட்ரி லேபில் பிப்பெட்டை வாயில் வைத்து உறிஞ்சுகிற நேரம் பார்த்து பன்னிரண்டு மணி அடித்துவிட்டது.

எங்கள் பள்ளியில் மத்தியான மணி அடித்தால் திரிகால ஜெபம். யார் எங்கே இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, மணி ஓயும்வரை கண்ணை மூடி நிற்போம். கழிவறை வாசலில் வரிசையில் நின்றால் அங்கேயே. கோகோ விளையாடினால் ஓடுகிறவளும் துரத்துகிறவளும் பக்கத்தில் பக்கத்தில். ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு ஒரு மாதத்தில் கை தானாகப் போகும். முத்துச்செல்வி வீட்டில் சுடலைமாடனைக் கும்பிடுகிறவர்கள். அவளும் நிற்பாள். காயல்பட்டினத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஷாகிரா பிளஸ் ஒன். அவளைக் கேட்டால், "எனக்கென்னக்கா, முக்காடு ஏற்கெனவே தலையிலதான இருக்கு. நிக்கிறது மட்டும்தான் வேலை" என்பாள்.

நான் பிப்பெட்டோடு நின்றேன். ஜெபம் முடிவதற்குள் அரைவாய் சலவைச்சோடாக் கரைசல் விழுங்கியாயிற்று. மிஸ் மோர் வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 13, ஞாயிறு

சேலை கட்டி நடந்து பழகினேன். இரண்டு தடவை விழுந்தேன். தான் பார்க்கவில்லை என்று அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஜூலை 20, ஞாயிறு

வசனம் மனப்பாடம். அம்மாவிடம் போனில் ஒரு பக்கம் சொல்லிக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "எட்டி, செத்துப்போன அம்மாவா நீ?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "நல்லா இருக்கு" என்றாள். அப்பா பைக்கின் செயினுக்கு எண்ணெய் போட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

முத்துச்செல்விக்கு அம்மை போட்டிருக்கிறது. வேப்பிலையில் படுத்திருக்கிறாள்.

விஷயம் காதில் விழுந்ததுமே அடுத்த மீசை யாருக்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சிஸ்டர் என்னைப் பார்க்கவே இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஜூலை 23, புதன்

அம்மை வந்து என் அம்மா போயாச்சு.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மத்தியானம் சிஸ்டர் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரை அப்பா வேஷத்துக்கு நிறுத்திப் பார்த்தார். எல்லாம் இன்பன்டாவின் தோளுக்குத்தான் வருகின்றன. அப்பா கை ஓங்கினால் மகள் குனிந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒருத்தி வசனம் சொன்னபோது மீசை வேர்த்து வாய்க்குள் போய்த் துப்பிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அப்புறம் சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வாக்குக் கொடுத்தவ நான். நீயா விட்டுக்கொடுத்தா ஒழிய நான் கேக்க மாட்டேன். இல்லன்னா இந்த வருஷம் நாடகம் வேண்டாம்னு சொல்லிருவோம்."

இதற்குக் கேட்டே இருக்கலாம். தூரத்தில் நின்ற இன்பன்டாவைப் பார்த்தேன். முதல் தடவையாக அவளுக்குப் பெரிய வேஷம். அவள் என்னைப் பார்த்து வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள், கண்ணில் தண்ணீரோடு. அந்தத் தலையாட்டலை எந்த மடையன் நம்புவான்?

"மீசையைக் கொண்டாங்க" என்றேன். வரும் வழியில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். ஷாகிராவுக்கு அம்மா வேஷம். அவள் அழகாக இருக்கிறாள், எரிச்சலாக வருகிறது.

ஜூலை 27, ஞாயிறு

அம்மாவிடம் சொல்லவில்லை. "சேலை ரெடியா?" என்றாள். "ரெடி" என்றேன். அது பொய் இல்லை, சேலை ரெடியாகத்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

மாம்பழ மஞ்சள் சேலையை ஷாகிராவிடம் கொடுத்தேன். சிஸ்டர் கேட்டதால் கொடுத்தேன், இல்லாவிட்டால் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பேன். பாவம் அந்தப் பிள்ளை, சேலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. மேடை என்றாலே அவளுக்கு வாந்தி வருகிறதாம். "அக்கா, நான் மறந்துட்டா நீங்க மெதுவா எடுத்துக் குடுப்பியளா?" என்றாள். இரண்டு பக்கமும் எனக்குத்தான் தலைகீழாகத் தெரியுமே. சரி என்றேன்.

ஒத்திகையில் என் அப்பா வேஷத்தைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். வேட்டியை மடித்துக் கட்டுகிற விதம், பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுவது, கோபம் வந்தால் பேசாமல் ஒரு துணியை எடுத்து எதையாவது துடைப்பது. "எங்கட்டி பிடிச்ச இதையெல்லாம்?" என்று இன்பன்டா கேட்டாள். நானே யோசித்தது என்றேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் திருவிழா. விடுமுறை. அப்பாவும் நானும் தேர் பார்த்தோம். அப்பா வளையல் வாங்கித் தந்தார். அம்மா அளவுக்கும் ஒரு டஜன் வாங்கி, அலமாரியில் வைத்தார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாளைக்குப் போட்டி. பத்தரைக்கு எங்கள் நாடகம். மத்தியான மணிக்குள் முடிந்துவிட வேண்டும் என்று சிஸ்டரே கேட்டு வாங்கிய நேரம். அரங்கம் பெரிய கோயிலின் மதிலை ஒட்டி இருக்கிறது. "மணி அடிச்சா என் பிள்ளைக கெதி எனக்குத் தெரியும்" என்றாராம்.

மாணவிகள் போன் கொண்டுவரக் கூடாது. வீடியோ எடுக்க அப்பாவைக் கேட்டேன். ஷிஃப்ட் இருக்கிறது, பார்க்கிறேன் என்றார். மறுபடியும் மீசை என்பதை அவரிடம் மட்டும் சொன்னேன். "மீசைன்னா என்ன, நல்லா நடி" என்றார். மீசை வைத்திருக்கிறவருக்கு என் கஷ்டம் எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 9, சனி

கண் சொக்குகிறது. இருந்தாலும் எழுதாமல் தூங்க மாட்டேன்.

சிறப்பு விருந்தினர் தாமதம். வந்தவர் இளமைப் பருவத்திலிருந்து பேசத் தொடங்கினார். பத்தரை போயிற்று, பதினொன்று போயிற்று. சிஸ்டர் லியோனி மேடைக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஷாகிரா சேலையோடு, வாந்திக்கென்று வைத்த வாளிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சேலை அவளுக்கு நன்றாகவே இருந்தது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்களைக் கூப்பிட்டபோது மணி பதினொன்றே முக்கால்.

நாடகம் நன்றாகத்தான் போனது. தொண்டையைச் செருமினேன், துண்டால் மேஜையைத் துடைத்தேன், கைதட்டல். இன்பன்டா எதிர்த்துப் பேசினாள். நான் துள்ளி எழுந்து, "வாயை மூடு!" என்று கத்தி, கையை ஓங்கினேன். நீல விளக்கு எரிய வேண்டிய இடம்.

டங்.

பெரிய கோயில் மணி. சத்தியமாகச் சொல்கிறேன், நான் எதையும் யோசிக்கவில்லை. ஓங்கின கை அப்படியே இறங்கிவிட்டது. இன்பன்டா தரையில் கிடந்தபடியே தாவணியை இழுத்துத் தலையில் போட்டாள். விளக்குப் போடுகிறவள் சுவிட்சை விட்டுவிட்டு நின்றுவிட்டாள். ஏழு வருஷப் பழக்கம். என் இடது கை தோளுக்குப் போனது, துண்டை இழுத்தது, தலையில் போட்டது, நுனியைக் காதுக்குப் பின்னால் சொருகியது. மீசையும் மடித்துக் கட்டின வேட்டியுமாக, பொம்பளை மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு, கண்ணை மூடி நின்றேன்.

முதலில் ஒரு சின்னச் சிரிப்பு. அப்புறம் அரங்கமே இடிந்து விழுகிற மாதிரி. முன் வரிசையில் கன்னியாஸ்திரிகள் மணிக்காகப் பாதி எழுந்துவிட்டு, இது ஜெபமா நாடகமா என்று தெரியாமல் பாதியிலேயே நின்றார்களாம். எனக்கு ஒன்றும் தெரியாது. மணி ஓய்ந்து கண்ணைத் திறந்தபோது இன்பன்டா உதட்டை அசைக்காமல், "அண்ணாச்சி, துண்டு!" என்றாள்.

அப்போதுதான் புரிந்தது. மீசைக்கு மேலே முக்காடு! துண்டை எடுத்துவிட்டால் போதும், வசனத்துக்குப் போய்விடலாம். "இனிமே பள்ளிக்கூடம் பக்கம் போனே, காலை ஒடிச்சிருவேன்" என்பதுதான் அடுத்து. ஆனால் முக்காடு போட்டுக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? முக்காட்டை எடுக்கவும் மனம் வரவில்லை. ஏன் என்று கேட்டால் தெரியாது.

தொண்டையைச் செருமினேன். "என்னட்டி பாக்க?" என்றேன். சிரிப்பு இன்னும் இருந்தது. "உங்க அம்மை இருந்தவரைக்கும் மணி அடிச்சா அவ முக்காடு போட்டு நிப்பா. அவ இல்லாத வீட்டுல யாரு நிப்பா? அதான் நான் நிக்கேன். உனக்கு அப்பனும் நாந்தான், அம்மையும் நாந்தான்."

சிரிப்பு சட்டென்று நின்றது. இன்பன்டா என்னையே பார்த்தாள், அவளுக்கு இதற்கு வசனமே கிடையாதே. நானே தொடர்ந்தேன்.

"அடிக்கணும்னுதான் கை ஓங்கினேன். முக்காடு போட்ட பிறகு கை வரமாட்டேங்கு. போ, பையை எடுத்து வை. நாளைக்கு நேரத்தோட போகணும்."

இன்பன்டா என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நடிப்பில்லை, என் வேட்டி நனைந்துவிட்டது. திரை இழுக்கிறவள் இனி என்ன இருக்கிறது என்று திரையை மூடிவிட்டாள். ஷாகிரா மேடைக்கே வரவில்லை. திரை மூடியதும் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து, "அண்ணாச்சி அக்கா, என் உசிரைக் காப்பாத்திட்டிய!" என்றாள். என் அம்மாவின் சேலை பக்கவாட்டில் நின்றதோடு சரி.

எங்களுக்கு இரண்டாம் பரிசு. நடுவராக வந்த ஃபாதர் சிஸ்டரிடம், "அந்த ஜெபக் காட்சி பிரமாதம். அதை எழுதினது யாரு?" என்று கேட்டார். சிஸ்டருக்குப் பொய் சொல்ல வராது. "கோயில் மணி, ஃபாதர்" என்றார், தோள் குலுங்க.

அப்பா வந்திருந்தார். கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று வீடியோ எடுத்திருக்கிறார், துறைமுக யூனிஃபார்மோடு. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். நான் முக்காடு போடுகிற இடத்திலிருந்து படம் ஒரே ஆட்டம். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வேறு. கேட்டால், அரங்கத்தில் தூசி என்கிறார்.

ராத்திரி ஜெபமாலைக்கு அப்பா துண்டைத் தோளிலேயே வைத்திருந்தார். நான்தான் எழுந்துபோய் அவர் தலையில் இழுத்துப் போட்டுவிட்டேன். "கொசு" என்றேன். அப்பாவே நுனியைக் காதுக்குப் பின்னால் சொருகிக்கொண்டார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலையில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அம்மாவுக்கு வீடியோவை அனுப்பினேன். கீழே, 'மன்னிச்சிரும்மா, மீசைதான்' என்று எழுதினேன். நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை. திரும்பத் திரும்பப் பார்க்கிறாளோ, ஏமாற்றத்தில் பார்க்காமலே மூடிவிட்டாளோ என்று நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சோறு அடிப்பிடித்துவிட்டது.

சாயங்காலம் போன் வந்தது. அப்பா வழக்கம்போல பழைய துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"சேலை எங்கட்டி?"

"ஓரமா நின்னுச்சும்மா."

அம்மா சிரித்தாள். சிரிப்பா என்று சந்தேகமாகவும் இருந்தது. "சேலையைக் கட்டியிருந்தாக்கூட இம்புட்டு என்னை மாதிரி இருந்திருக்க மாட்டே" என்றாள். "அந்த முக்காடு. இடது கையால இழுத்துக் காதுல சொருகுறது. அது எங்கிட்டல்லா உண்டு. எங்கம்மாகூட அப்படிப் போடமாட்டாவ. நீ எப்பட்டி பாத்துப் படிச்ச?"

எனக்கே அப்போதுதான் உறைத்தது. "உங்கிட்ட படிக்கலம்மா. அப்பாட்ட."

"அப்பாட்டயா?"

"நீ போனதிலேருந்து அப்பா அப்படித்தான் ஜெபமாலை சொல்லுதாரு. நீ உக்காருற இடத்துல. முக்காடு போட்டுக்கிட்டு."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. அம்மா உட்கார்ந்துவிட்டாள் போல.

"எதுக்காம்?"

"கொசு கடிக்குதாம்."

"எல்லா ஜன்னலுக்கும் வலை அடிச்சிட்டுத்தானட்டி நான் பிளேன் ஏறினேன்" என்றாள் அம்மா. "போனை அவருகிட்ட குடு."

வாசலுக்குப் போய் நீட்டினேன். அப்பா என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். "ம்" என்றார். அப்புறம் இன்னொரு "ம்". பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு மாடிக்குப் படியேறிப் போனார். ஜெபமாலை நேரம் தாண்டியும் இறங்கி வரவில்லை. நான் தனியாக உட்கார்ந்து, அடிப்பிடித்த சோற்றை மேலாக எடுத்து வைத்துவிட்டு, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பைக் வாசலில் நிற்கிறது. ஒரே தூசி.